‘கொழுப்பு கெட்டது’ என்று பாலைத் தள்ளும் 6 வயது மகள்: எப்படிப் புரியவைப்பது?

நிலாம்மா:
வகுப்பில் நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு என்று இரண்டு கட்டம் போட்டுப் படம் ஒட்ட வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பால் பாக்கெட்டில் ‘கொழுப்பு’ என்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு டம்ளரைத் தள்ளுகிறாள். வெண்ணெயும் வேண்டாமாம். நான் கேக் சாப்பிட்டால், “அம்மா, உனக்கு நோய் வந்துருமா?” என்று அழுகை. “அளவா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது” என்றால், “அப்போ கெட்டதுதானே?” என்கிறாள். இந்த வயதுக்கு எப்படிச் சொன்னால் ஏறும்?

மழலை டீச்சர்:
சின்ன வகுப்பு எடுப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். ‘அளவா’ என்பது பெரியவர்கள் கணக்கு. ஒரே அளவு தண்ணீரை ஒல்லியான உயரக் கிளாஸில் மாற்றி ஊற்றினால், “இதுலதான் நிறைய” என்று சொல்லும் வயது இது. குழந்தைகள் யோசிக்கும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே செய்த சோதனைதான், வீட்டிலேயே செய்து பாருங்கள். அந்தப் பிள்ளையிடம் ‘கொஞ்சம்னா பரவாயில்லை, அதிகம்னா கெட்டது’ என்றால் ‘கெட்டது’ மட்டும்தான் காதில் விழும்.

தீர்ப்பு சொல்லாமல் காரணம் சொல்லுங்கள். பிள்ளைக்கு எங்கே புரியப்போகிறது என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம், எனக்கு அதில்தான் வருத்தம். 2013இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிரிப்ஷோவரும் மார்க்மனும் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வழியாகவே விளக்கினார்கள்: சாப்பாட்டில் கண்ணுக்குத் தெரியாத சத்துகள் இருக்கின்றன, வயிறு அதைப் பிரிக்கும், ரத்தம் சுமந்துபோகும், ஒரே உணவில் எல்லாச் சத்தும் கிடைக்காது. சிற்றுண்டி நேரத்தில் அந்தப் பிள்ளைகள் தாமாகவே காய்கறி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

பாலுக்கு: “கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ கொழுப்பிலதான் கரையும், அதோட சேர்ந்துதான் உடம்புக்குள்ள போகும்.” கேக்குக்கு: “பல்லுல இருக்கிற கிருமி சர்க்கரையைத் தின்னு அமிலம் விடும், அதான் தினமும் சாப்பிடறதில்லை.” நோய், சாவு என்ற பேச்சே வேண்டாம்.

இரு பிள்ளை அப்பா:
சாப்பிட உட்காரும்போது ‘இது உடம்புக்கு நல்லது’ என்பதையும் விட்டுவிடுங்கள். 2014இல் மைமரானும் ஃபிஷ்பாக்கும் வெளியிட்ட ஆய்வில், பலம் தரும் என்று சொல்லிக் கொடுத்ததைச் சின்னப் பிள்ளைகள் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள். நல்லது என்றாலே ருசி இருக்காது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

மழலை டீச்சர்:
சரியாகச் சொன்னீர்கள். விளக்கமெல்லாம் கதை நேரத்தில்தான். தட்டு முன்னால் பாடம் எடுக்கக் கூடாது.

வார்டு நர்ஸ்:
ஒதுக்கும் உணவுகள் கூடிக்கொண்டே போனாலோ எடை குறைந்தாலோ காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிலாம்மா:
எடை சரியாக இருக்கிறது. கிருமிக் கதையைச் சொன்னேன், கண்ணாடி முன் வாயைத் திறந்து தேடினாள். இப்போது, “தம்பிப் பாப்பாக்குத்தான் பல்லே இல்லையே, அவன் தினமும் கேக் சாப்பிடலாமா?” என்கிறாள்!

மழலை டீச்சர்:
அருமையான கேள்வி! காரணம் பிடிபட்டுவிட்டது. “பாப்பா வயிறு குட்டியூண்டு, கேக் நிறைஞ்சா பாலுக்கு இடமிருக்காது” என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வியோடு வருவாள்.