இடப்பெயர்ச்சியா, இடப்பெயர்ப்பா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உலோகங்களைத் தாமிர உப்பின் கரைசலில் இட்டு, வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்று பார்த்து அவற்றின் வினைதிறனை, அதாவது எவ்வளவு எளிதில் வினைபுரிகின்றன என்பதை, ஒப்பிடும் பள்ளிச் சோதனைக்குச் சொல் தேடும் இந்த இழையில், அந்த உயர்வுக்கு ‘வெப்பேற்றம்’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. சொல் சுருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்னேற்றம் என்று எழுதிப் பழகிய கண், வெப்பத்தை வெளியிலிருந்து ஏற்றுவதாகவே இதைப் படிக்கும். இங்கே வெப்பம் வினைக்குள்ளிருந்து பிறக்கிறது.

சொல்லைப் பற்றிப் பேசுமுன் சோதனையை வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்தேன். வெப்பம் வெளியே போகாமலிருக்க இதற்கு உதவும் தெர்மாகோல் கோப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால், மின்விசிறிப் பெட்டியோடு வந்த தெர்மாகோல் கட்டையைக் குடைந்து, அதில் சிறிய பீக்கர் ஒன்றை இறக்கிக்கொண்டேன். லிட்டருக்கு 0.2 மோல் (மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைக் கொண்டு பொருளின் அளவைச் சொல்லும் அலகு) செறிவுள்ள காப்பர் சல்பேட், அதாவது நம் நாட்டு மருந்துக் கடைக்காரர் மயில்துத்தம் என்னும் அதே பொருள், கரைசலாக 25 மில்லிலிட்டர். சென்னையில் விடிந்ததுமே அது 30 டிகிரியில் நின்றது. துத்தநாகத் தூளைத் தேவைக்கு மிகுதியாகவே போட்டுக் கலக்கியதும் நீலம் வெளுக்கத் தொடங்கி, அடியில் செங்காவி நிறத்தில் தாமிரம் வண்டலாகப் படிய, வெப்பமானி 39 வரை ஏறிச் சற்று நின்று இறங்கியது. ஒரு மோல் தாமிரம் வெளிவரும்போது ஏறத்தாழ 218 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும் என்று கணக்கிட்டால் 10.4 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். குறைந்ததைப் பீக்கரும் காற்றும் வாங்கிக்கொண்டன. இரும்புத் தூளுக்குக் கணக்கே 7.4 டிகிரிதான். வெள்ளியை இட்டால் ஒன்றும் நிகழாது.

அதே செறிவில் 50 மில்லிலிட்டர் எடுத்து, துத்தநாகத்தையும் இரட்டித்தால், வெளிப்படும் வெப்பம் இரு மடங்காகும். வெப்பநிலை உயர்வோ கணக்கில் அதே 10.4 டிகிரியாகவே இருக்கும். பயிற்சித்தாள்களில் ‘வெப்பம் எத்தனை டிகிரி உயர்ந்தது’ என்று எழுதும் வழக்கம் இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே உடைந்துவிடுகிறது. ஆகவே டிகிரியில் அளப்பதை ‘வெப்பநிலை உயர்வு’ என்றே விட்டுவிடலாம். வானிலை அறிக்கை கேட்கும் எவருக்கும் தெரிந்த சொல் அது. அதற்குப் புதுச்சொல் ஆக்குவது வீண் வேலை என்பது என் கருத்து.

உண்மையில் இடறுவது வேறு சொல். பாடநூல்கள் இதை இடப்பெயர்ச்சி வினை என்கின்றன. பெயர்ச்சி என்பது பெயர்தல் என்னும் தன்வினையிலிருந்து வந்தது; குருப்பெயர்ச்சியில் குருவை யாரும் தள்ளுவதில்லை, அதுவாகவே பெயர்கிறது. இயற்பியலில் ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்வதை இடப்பெயர்ச்சி என்பது அதனால் பொருத்தமே. ஆனால் பீக்கருக்குள் துத்தநாகம் தாமிரத்தைக் கரைசலிலிருந்து பெயர்த்தெடுத்துத் தான் அவ்விடத்தில் அமர்கிறது. இது பிறவினை, மொழியைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு ஆவதுபோல, இது ‘இடப்பெயர்ப்பு வினை’ ஆக வேண்டும். பெயர்ப்பது எது, பெயர்வது எது என்ற கேள்வியை இந்தச் சொல்லே எழுப்பிவிடும். உலோகங்களை வினைதிறன் இறங்குமுகமாக அடுக்கும் வினைதிறன் வரிசையும் அந்தக் கேள்விக்கான விடைதானே. ஒரே மாணவர் இயற்பியல் வகுப்பில் ஒரு பொருளிலும் அடுத்த மணிநேரத்தில் வேதியியலில் வேறு பொருளிலும் இடப்பெயர்ச்சியைப் படிக்கும் தொல்லையும் நீங்கும்.

இதை ஏற்றால், ஒரு மோல் தாமிரத்தைப் பெயர்க்கும்போது வெளிப்படும் வெப்பத்தை, கிலோஜூலில் சொல்லப்படுவதை, ‘பெயர்ப்பு வெப்பம்’ எனலாம். டிகிரிக்கு ஒரு சொல், கிலோஜூலுக்கு ஒரு சொல் என்று பிரிந்துவிடும்.

‘வினைதிறன் வெப்பம்’ என்ற மற்றொரு பரிந்துரையை மட்டும் ஏற்க இயலவில்லை. வெளிப்படும் வெப்பமும் வினைதிறனும் ஒன்றல்ல. அலுமினியத்துக்குக் கணக்குப்படி துத்தநாகத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வெப்பநிலை உயர்வு கிடைக்க வேண்டும். அதன் மேலுள்ள ஆக்சைடு படலம் தடுப்பதால் வெப்பமானி வெகுநேரம் அசைவதே இல்லை. மக்னீசியம் இன்னொரு வகையில் ஏமாற்றும்: அது நீரோடும் வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழ்களை விடுவதால், அளக்கும் வெப்பம் முழுவதும் பெயர்ப்பினால் வந்ததாகாது.

பழைய சொல் தேர்வுத்தாள் வரை வேரூன்றியிருப்பதை அறிவேன். அதனால் கலைச்சொல் பட்டியலில் ‘இடப்பெயர்ப்பு வினை’யை முதலிலும், ‘இடப்பெயர்ச்சி வினை’யைப் பழைய வழக்கு என்ற குறிப்போடு அதன் அருகிலும் இடலாம் என்று முன்மொழிகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள், இரட்டை இடப்பெயர்ச்சி வினைக்கும் இதே தருக்கம் பொருந்துமா என்பதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன். அங்கே இரண்டு சேர்மங்களின் அயனிகளும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிக்கொள்வதால், எனக்கு அங்கே ‘பெயர்ப்பு’ அவ்வளவு ஒட்டவில்லை.