கூட்டுவதா கழிப்பதா, டீச்சர்?

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை:

தேயிலைத் தோட்டமொன்றில் தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். வசனக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வந்துவிடும்: “கூட்டுவதா கழிப்பதா, டீச்சர்?” கணக்கை இன்னும் வாசித்தே இருக்கமாட்டார்கள்.

சென்ற மாதம் எழுதிய கணக்கு இது. “அம்மா இன்று 24 கிலோ கொழுந்து பறித்தார். அது சித்தி பறித்ததைவிட 6 கிலோ அதிகம். சித்தி பறித்தது எவ்வளவு?” 22 பேரில் 17 பேர் 30 என்று எழுதியிருந்தார்கள். ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் கூட்டிவிட்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘அதிகம்’ என்றால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தானே? நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் மனம் உறுத்துகிறது.

30 என்று எழுதியவர்களில் ஒரு சிறுமி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று வளர்ந்தவள். மழை நாளில் 21 கிலோவில் ஈரத்துக்கும் சாக்குக்கும் 3 கிலோ கழித்தால் 18 என்பதும், அதற்குக் கீழே போனால் தங்கள் தோட்டத்தில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்பதும் அவளுக்கு மனப்பாடம். அவளை அழைத்து, எண்களை விட்டுவிட்டுக் கதையை மட்டும் சொல்லச் சொன்னேன்.

“தராசில் யாருடைய கொழுந்து பாரம்?”

“அம்மாவுடையது.”

“அப்படியானால் சித்தி 30 கிலோ பறித்திருப்பாரா?”

கொஞ்ச நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “30 என்றால் சித்திதானே கூடப் பறித்திருப்பார்?” என்று சொல்லிக்கொண்டே அழித்துவிட்டு 18 என எழுதினாள். 18உடன் 6ஐச் சேர்த்து 24 வருகிறதா என்று பார்த்ததும் அவளேதான், நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் முதலில் இரண்டு கோடுகள் வரைகிறோம், சித்திக்குக் குட்டையாக, அம்மாவுக்கு நீளமாக. நீண்டுகொண்டிருக்கும் துண்டின் மேல் 6 என்று எழுதிய பிறகுதான் கூட்டலா கழித்தலா என்ற பேச்சு.

நானுஓயா, ஆரம்பப் பிரிவு ஆசிரியர்:

1980 வாக்கில் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கேட்டார்கள். கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன; கப்பல் தலைவனின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் கொடுத்த எண்களைக் கொண்டே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்களாம். நம்பமுடியாமல், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தையும் அவர்களை மேற்பார்க்கும் கங்காணியையும் வைத்து என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன்: “லயத்தில் 12 வீடுகள், 7 ஆடுகள். கங்காணியின் வயது?” ஏறக்குறைய எல்லோரும் 19. ஒரு பையன் மட்டும், “19 வயதில் யார் கங்காணி வேலை கொடுப்பார்கள்?” என்றான். அவன் அடிக்கடி கணக்கில் தவறுபவன். அன்று அவனைத் தட்டிக்கொடுத்தேன்.

பண்டாரவளை, கணித ஆசிரியர்:

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களும் இப்படித்தான். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய். உயர்வு எத்தனை சதவீதம்? 35 என்று உடனே சொன்னார்கள். சரி, 1,350இலிருந்து மறுபடி 1,000க்கு இறங்கினால்? அதற்கும் 35 என்றார்கள். 1,350இல் 35 சதவீதத்தைக் கழித்துப் பார்க்கச் சொன்னேன். வந்தது 877 ரூபாய் 50 சதம். முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தேவிட்டான். “சேர், எங்கள் அம்மாவுக்கு 122 ரூபாய் 50 சதம் குறைகிறதே!” அவனே 350ஐ 1,350ஆல் வகுக்கத் தொடங்கினான். 25.9 வரும்வரை உட்காரவில்லை.