மீன்பிடித் தடைக்காலம் முடியும் நேரத்தில் எடுத்தால் வாக்கி டாக்கி பேட்டரி செத்துக் கிடக்கிறது, உதவுங்கள்

நாகை விசைப்படகு:
வணக்கம். எங்கள் படகில் 4 கையடக்க வாக்கி டாக்கி இருக்கின்றன. ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கியதும் நான்கையும் முழு சார்ஜ் போட்டு, ஆஃப் செய்து, தகரப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நேற்று திறந்து பார்த்தால் இரண்டு நன்றாக இருக்கின்றன, இரண்டு மூச்சு பேச்சில்லை. சார்ஜரில் வைத்தால் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது, சார்ஜ் ஏறவில்லை. எல்லாமே 7.4 வோல்ட், 1500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர் மணி) லித்தியம் பேட்டரி. போன வருடமும் இப்படித்தான் ஆனது. பேட்டரி பழசு என்று நினைத்து இந்த இரண்டுக்கும் புதிது வாங்கிப் போட்டேன்.

படகில் பெரிய ரேடியோ செட் இருக்கிறது, ஆனால் அது படகு பேட்டரியில் ஓடுவது. உள்ளே தண்ணீர் ஏறிவிட்டால் ஆபத்து அழைப்புக்கான 16-ம் சேனலில் கூப்பிடக் கையில் இருக்கும் செட்தான் கதி. ஜூன் 14-ம் தேதி தடை முடிகிறது. இதைச் சரி செய்யாமல் ஆட்களைக் கடலுக்கு அனுப்ப மனசு வரவில்லை.

செட் மெக்கானிக்:
தம்பி, செத்த இரண்டும் திருகி ஆஃப் செய்யும் மாடலா, பட்டனை அழுத்தி ஆஃப் செய்யும் மாடலா?

நாகை விசைப்படகு:
பட்டன் மாடல் அண்ணா. தண்ணீரில் மிதக்கும் வகை. நன்றாக இருக்கும் இரண்டும் திருகும் மாடல்.

செட் மெக்கானிக்:
நினைத்தேன். திருகும் செட்டில் பெரும்பாலும் சுவிட்சே மின்சாரத்தை வெட்டிவிடும். பட்டன் செட் அப்படி இல்லை. நீங்கள் மறுபடி எப்போது அழுத்துவீர்கள் என்று உள்ளே ஒரு சிப் விழித்தபடி காத்திருக்கும், அதற்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தடைக்காலம் 61 நாள் என்றால் 1464 மணி நேரம். ஒரே ஒரு மில்லிஆம்பியர் கசிந்தாலும் 1464 எம்ஏஎச். உங்கள் பேட்டரி மொத்தமும் காலி. லித்தியம் தானாக இழப்பது மாதம் சில சதவீதம்தான், அதனால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். மல்டிமீட்டரை இடையில் கோத்து ஆஃப் நிலையில் அளந்து சொல்லுங்கள்.

தூத்துக்குடி ஹாம்:
ஒன்று கேட்கிறேன். தண்ணீரில் விழுந்தால் தானாக விளக்கு மின்னும் வசதி அதில் உண்டா? சில மிதக்கும் செட்டுகளில் ஆஃப் செய்திருந்தாலும் அது வேலை செய்யும்.

நாகை விசைப்படகு:
உண்டு அண்ணா! இப்போதுதான் ஞாபகம் வருகிறது. மே மாதம் ஒரு ராத்திரி, பெட்டி இடுக்கில் என்னமோ மின்னுகிறது என்று அம்மா சொன்னார்கள். மின்மினியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கழுவாத லைஃப் ஜாக்கெட்டும் அதே பெட்டியில்தான் இருந்தது.

தூத்துக்குடி ஹாம்:
அம்மா சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். உப்பு காய்ந்த மாதிரித் தெரியும், ஆனால் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கசிந்துவிடும். கடலோரத்தில் ராத்திரி அது சாதாரணம். கடலில் விழுந்துவிட்டதாகவே செட் நினைத்துக்கொள்ளும்.

நாகை விசைப்படகு:
அளந்துவிட்டேன். நல்ல பேட்டரி ஒன்றைப் போட்டு, ஆஃப் செய்து பார்த்தால் 0.3 மில்லிஆம்பியர். செட்டின் அடியில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கின்றன, சுற்றிலும் வெள்ளையாக உப்பு, ஒன்றில் பச்சைக் களிம்பு. ஈர விரலை வைத்ததும் விளக்கு மின்னியது, மீட்டர் 20-க்கு மேல் துள்ளியது.

செட் மெக்கானிக்:
அப்போது என் கணிப்பு பாதிதான் சரி. 0.3 என்றால் 61 நாளில் 440 எம்ஏஎச் போயிருக்கும், அவ்வளவுதான். மிச்சத்தைக் குடித்தது அந்த விளக்கு. செத்த பேட்டரிகளில் எத்தனை வோல்ட் காட்டுகிறது?

நாகை விசைப்படகு:
ஒன்றில் 5.1. இன்னொன்றில் சுழியம். 12 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் உயிர் வரும் என்று பக்கத்துப் படகுக்காரர் சொல்கிறார்.

செட் மெக்கானிக்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் தம்பி. சுழியம் என்றால் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை மின்சாரத்தை வெட்டிவிட்டது. உள்ளே செல் எவ்வளவு இறங்கி எத்தனை நாள் கிடந்தது என்று வெளியிலிருந்து தெரியாது. அதிகம் இறங்கிக் கிடந்த செல்லுக்குள் செம்பு கரைந்திருக்கும். அதைக் கட்டாயப்படுத்தி ஏற்றினால் சார்ஜ் ஆகும்போதே தீப்பிடிக்கலாம், அதுவும் டீசல் நிற்கும் படகில். அதை மின்கழிவில் போட்டுவிடுங்கள். 5.1 காட்டுவதை அதன் சொந்த சார்ஜரில் அரை மணி நேரம், கண் முன்னாலேயே வையுங்கள். சில சார்ஜர்கள் மெல்ல ஊட்டி எழுப்பும். 6 வோல்ட்டைத் தாண்டினால் தொடருங்கள். சூடானாலோ வீங்கினாலோ எடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை முழு சார்ஜில் வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் தகரப் பெட்டிக்குள் முழு சார்ஜோடு கிடந்தால் லித்தியம் சீக்கிரம் கிழடாகும். பாதி சார்ஜில், 7.6 வோல்ட் போல இருக்கும்போது, பேட்டரியைக் கழற்றி வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் தனியாக வையுங்கள்.

தூத்துக்குடி ஹாம்:
கழற்றிய பேட்டரியைச் சும்மா கிடக்கும் சார்ஜர் தொட்டியிலும் விடாதீர்கள். சில தொட்டிகள் பிளக் பிடுங்கியிருந்தால் பின்னோக்கி உறிஞ்சும்.

நாகை விசைப்படகு:
5.1 காட்டியது 25 நிமிடத்தில் 6.3-க்கு வந்து, இப்போது முழுசாக ஏறிவிட்டது. சூடு இல்லை. இன்னொன்றுக்குப் புதிது சொல்லியாகிவிட்டது, நாளை வரும். பேட்டரியைக் கழற்றிவிட்டு நான்கு செட்டையும் நல்ல தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, களிம்பை அழிரப்பரால் தேய்த்து எடுத்து, நிழலில் காயவைத்திருக்கிறேன். லைஃப் ஜாக்கெட்டை அம்மா கிணற்றடியில் அலசிக்கொண்டிருக்கிறார்கள்.