புதுத் தொட்டியில தண்ணி பால் மாதிரி கலங்குது, ரெண்டு தடவை கழுவியும் தெளியல. கோல்டு பிஷ் வளக்குறவங்க உதவி பண்ணுங்க

பெருமாள்புரம் அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை பெருமாள்புரத்துல இருந்து எழுதுதேன். எங்க வீட்டுல மீன் வளக்குறது இதான் முதல் தடவை. மகளுக்கு ஏழாவது பிறந்தநாள்னு ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்துல ஒரு கண்ணாடித் தொட்டியும், நாலு கோல்டு பிஷ்ஷும் வாங்குனோம். உள்ளே ஏர் பம்புல ஓடுத ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அடியில நீலக் கல்லு. இன்னைக்கு பதினோராவது நாள்.

முதல் ரெண்டு நாள் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மூணாம் நாள் சாயங்காலம் அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி லேசா வெளுத்துச்சு. மறுநாள் காலையில தொட்டியோட பின்பக்கம் தெரியல. மீனை வாளியில விட்டுட்டு, கல்லு, ஸ்பாஞ்ச், கண்ணாடி எல்லாத்தையும் குழாயடியில நல்லா தேய்ச்சுக் கழுவி புதுத் தண்ணி ஊத்துனேன். ரெண்டு நாள் நல்லா இருந்துட்டு திரும்பவும் கலங்கிட்டு. எட்டாம் நாள் இன்னொரு தடவை எல்லாத்தையும் கழுவுனேன். நேத்து மறுபடியும் அதே வெள்ளை. இன்னைக்கு விடியக்காலையில கருப்பு வால் உள்ள சின்ன மீனு செத்து மிதக்குது. மத்த மூணும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. மகள் பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு தொட்டி பக்கத்துலயே உக்காந்துட்டா.

தண்ணி கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணிதான். ஐப்பசி மழையில ஆத்துல செந்தண்ணி போகுது, அதான் குழாயிலயும் வருதோன்னு ஒரு சந்தேகம். எங்க ஆச்சி தேத்தாங்கொட்டையை உரசி விடச் சொல்லுதாக. பக்கத்து வீட்டுல படிகாரம் போடச் சொன்னாங்க. மீன் வாங்குன கடையில நீல மருந்து ஊத்தச் சொல்லுதாங்க. எதைச் செய்யன்னு தெரியல. தீனி மூணு வேளை, ஒவ்வொரு சிட்டிகை. மகள் இட்லியும் கொஞ்சம் பிச்சுப் போட்டிருக்கா.

வண்ணார்பேட்டை:

நீல மருந்து நாலு சொட்டு விடுங்க அண்ணே. நான் வாராவாரம் தண்ணி முழுசும் மாத்திடுவேன், ரெண்டு வருஷமா என் மீனுக்கு ஒண்ணும் ஆகல. நீங்களும் தண்ணியை முழுசா இறைச்சிட்டு புதுசா ஊத்துங்க.

அம்பை ஆத்தங்கரை:

தம்பி, மூணாவது தடவை தொட்டியைக் கழுவிராதீங்க. மீதியை அப்புறம் பேசலாம். முதல்ல அந்த மூணு மீனையும் காப்பாத்தணும்.

இப்பவே ஒரு வாளியில குழாய்த் தண்ணி பிடிச்சு, கடையில ஆன்டி குளோரின்னு ஒரு மருந்து இருக்கும், குழாய்த் தண்ணியில உள்ள குளோரினை முறிக்குறது, அதை பாட்டில்ல போட்டிருக்குற அளவுக்கு விட்டுக் கலக்குங்க. தொட்டியில மூணுல ஒரு பங்கு தண்ணியை மட்டும் ட்யூப் வச்சு எடுத்துட்டு, இதை மெதுவா ஊத்துங்க. கல்லையும் ஸ்பாஞ்சையும் தொடாதீங்க. ஏர் பம்பை முழு வேகத்துல வைங்க, ராத்திரியும் நிறுத்தக் கூடாது. ரெண்டு நாளைக்கு ஒரு பருக்கை தீனி போடாதீங்க. கோல்டு பிஷ் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது. பிள்ளைகிட்ட இதை நீங்களே உக்காந்து சொல்லுங்க, இல்லன்னா பாசத்துல போட்டுரும்.

அப்புறம் ஒரு சோதனை. ஒரு கண்ணாடி டம்ளர்ல தொட்டித் தண்ணி, இன்னொண்ணுல குழாய்த் தண்ணி. ரெண்டையும் ராத்திரி முழுக்க அசையாம வச்சிட்டு காலையில பாருங்க. அடியில வண்டல் தங்கி மேல தெளிஞ்சிருந்தா அது மண்ணு, இல்ல கல்லுல இருந்த தூசி. பச்சையா இருந்தா வெயில் பட்டு வந்த பாசி. தெளியாம அப்படியே வெள்ளையா நின்னா அது உசிருள்ள கலங்கல், பாக்டீரியா. உங்க தொட்டி முதல் ரெண்டு நாள் தெளிவா இருந்து மூணாம் நாள் வெளுத்ததைப் பாத்தா கடைசியில சொன்னதுதான்னு எனக்குத் தோணுது. கல்லுத் தூசியா இருந்தா ஊத்துன அன்னைக்கே கலங்கியிருக்கும்.

முடிஞ்சா அம்மோனியா டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்குங்க. சொட்டு மருந்து விட்டு நிறம் பாக்குற மாதிரி உள்ளது. தண்ணியில கலர் தெரியும், நஞ்சு தெரியாது.

பெருமாள்புரம் அப்பா:

அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். குழாய்த் தண்ணி டம்ளர்ல அடியில லேசா செம்மண் நூல் மாதிரி தங்கியிருந்துச்சு, மேல சுத்தமா இருந்தது. தொட்டித் தண்ணி அப்படியே வெள்ளையா நிக்குது. கிட் ஜங்ஷன் பக்கம் கிடைச்சுது. அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) காட்டுது. நைட்ரைட் 0.

மீன் மேல வர்றது கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆனா மகள் "அழுக்குத் தண்ணியில ஏன் விட்டு வச்சிருக்கீங்க"ன்னு கேக்கா, எனக்குப் பதில் தெரியல. எங்க அபார்ட்மெண்ட்ல போர்த் தண்ணி பளிச்சுன்னு இருக்கு. அதை ஊத்தலாமா?

வள்ளியூர்:

போர்த் தண்ணிக்கு இப்ப மாறாதீங்க, என் அனுபவத்துல சொல்றேன். எங்க பக்கம் போர்த் தண்ணி நல்ல உப்பு, குக்கர்ல வெள்ளைப் படலம் பிடிக்கும். பூமிக்குள்ள இருந்து வரும்போது அதுல கரியமில வாயு கரைஞ்சிருக்கும். தொட்டியில காத்து பட்டதும் அது வெளியேறி பி.எச்., அதாவது தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற அளவு, ஏறிடும். சில போர்ல இரும்பு இருந்தா மறுநாள் மஞ்சளா கலங்கும். பளிச்சுன்னு வர்ற தண்ணியில ஆக்சிஜன் ரொம்பக் குறைவாவும் இருக்கும்.

உங்க தொட்டியில இப்ப அம்மோனியா 2 இருக்கு. அதே அம்மோனியா பி.எச். 7ல செய்யுற கெடுதலை விட 8ல ஏறக்குறைய பத்து மடங்கு கெடுதல் செய்யும். அதனால எந்தத் தண்ணியில ஆரம்பிச்சீங்களோ அதுலயே ஓட்டுங்க. நான் போர்த் தண்ணியிலதான் வளக்கேன், ஆனா ஒரு நாள் முன்னாடியே டிரம்ல பிடிச்சு காத்து விட்டு வச்சுதான் ஊத்துவேன்.

அம்பை ஆத்தங்கரை:

வள்ளியூர்க்காரர் சொன்னது சரி. இப்ப உங்க மகளோட கேள்விக்கு வர்றேன், அது நல்ல கேள்வி.

மீனு செவுள் வழியாவே அம்மோனியாவை விட்டுக்கிட்டே இருக்கும். தீனி மிச்சம் அழுகினாலும் அதேதான். பழைய தொட்டியில ஒரு வகை பாக்டீரியா இதைத் தின்னு நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் நஞ்சு. நைட்ரேட் கொஞ்சம் இருந்தா மீனுக்கு ஒண்ணும் செய்யாது. இந்த ரெண்டு பாக்டீரியாவும் தண்ணியில மிதக்காது. ஸ்பாஞ்ச், கல்லு, கண்ணாடின்னு ஒட்டிக்கிட்டு வளரும். ரொம்ப மெதுவா வளரும், ஒண்ணு ரெண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.

நீங்க கண்ணால பாக்குற வெள்ளை வேற கூட்டம். தீனி மிச்சத்தையும் இட்லித் துணுக்கையும் தின்னு மணிக்கணக்குல பெருகுறது. அது மீனைக் கடிக்காது, ஆனா ஆக்சிஜனை உறிஞ்சிடும். அம்மோனியாவுல எரிஞ்ச செவுளும், ஆக்சிஜன் பத்தாத தண்ணியும் சேந்துதான் மீனு மேல வந்து வாயைத் திறக்குது.

நீங்க ஒவ்வொரு தடவையும் குளோரின் தண்ணியில ஸ்பாஞ்சையும் கல்லையும் தேய்ச்சுக் கழுவும்போது மெதுவா ஒட்ட ஆரம்பிச்ச கூட்டம் செத்துப் போச்சு. வேகமா பெருகுற கூட்டத்துக்குக் காலி இடம் கிடைச்சுது. அதான் ரெண்டு நாள் தெளிவு, மூணாம் நாள் வெள்ளை. பாப்பாகிட்ட இப்படிச் சொல்லுங்க: தண்ணி அழுக்காகல, நல்ல கிருமி இன்னும் குடிவந்து முடியல, நாம வீட்டை இடிக்காம இருந்தா வந்திரும்.

தேத்தாங்கொட்டை பத்தி ஆச்சி சொன்னதை நான் மதிக்கேன். எங்க வீட்டுலயும் செந்தண்ணி காலத்துல பானையோட உள்பக்கத்துல உரசித்தான் தெளிய வைப்பாங்க. அது மண்ணைத் திரட்டி அடியில இறக்கும். அதுக்குத்தான் அது. மீன் தொட்டியில உரசினா அந்தக் கொட்டையோட சத்தே வெள்ளைக் கூட்டத்துக்குத் தீனி ஆகும். படிகாரமும் மண்ணைத்தான் இறக்கும், கூடவே தண்ணியில உள்ள காரத்தன்மையைத் தின்னு பி.எச்சைக் கீழ இழுத்து விட்டுரும். ரெண்டும் வேண்டாம். நீல மருந்து பூஞ்சைக்கு நல்லது, ஆனா ஃபில்டர்ல வளருற நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கும். உங்க மீனுக்குப் பூஞ்சை இல்லையே.

தினமும் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க, ஆன்டி குளோரின் போட்டு. அம்மோனியா 0.5க்குக் கீழ வர்ற வரைக்கும் விடாதீங்க.

மேலப்பாளையம் அக்கா:

தம்பி, என்கிட்ட நாலு வருஷமா ஓடுற தொட்டி ஒண்ணு இருக்கு. ஒரு வருஷமா புது மீனு எதுவும் விடல, நோயும் வந்ததில்ல. ரெண்டு ஸ்பாஞ்ச் ஓடுது, ஒண்ணை உங்களுக்குத் தர்றேன். பழுப்பா, வழுவழுன்னு இருக்கும். அருவருப்புப் பட்டு கழுவிராதீங்க, அதுலதான் எல்லாம் இருக்கு. தொட்டித் தண்ணியோட கவர்ல போட்டுத் தருவேன், காயவிடாம ஒரு மணி நேரத்துல உங்க தொட்டியில இறக்கிரணும். நாளைக்குச் சாயங்காலம் வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு வரமுடியுமா?

இன்னொண்ணு. மழைக்காலம், கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது. பேட்டரியில ஓடுற ஒரு சின்ன ஏர் பம்ப் வாங்கி வச்சிருங்க. போன வருஷம் ஒரு ராத்திரி முழுக்க நான் டம்ளரால மொண்டு மொண்டு உசரத்துல இருந்து ஊத்திக்கிட்டே இருந்தேன். மீனு பிழைச்சுது, என் கைதான் மூணு நாள் தூக்க முடியல.

பெருமாள்புரம் அப்பா:

அக்கா, ஸ்பாஞ்ச் வாங்கி அன்னைக்கே போட்டுட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்லன்னு தெரியல. உங்களைப் பாக்கணும்னு மகளும் கூடவே வந்தா, வர்ற வழியெல்லாம் அந்தக் கவரை மடியில வச்சுப் பிடிச்சுக்கிட்டே வந்தா.

இன்னைக்கு பதினேழாம் நாள். வெள்ளை பாதிக்கு மேல போயிட்டு, பின்பக்க கண்ணாடி தெரியுது. அம்மோனியா 0.5. ஆனா இப்ப நைட்ரைட் 1 காட்டுது. பயமா இருக்கு.

அம்பை ஆத்தங்கரை:

பயப்படாதீங்க, அது வந்தே தீரணும். முதல் கூட்டம் வேலையை ஆரம்பிச்சிட்டு, ரெண்டாவது கூட்டம் இன்னும் வரல. ஆனா நைட்ரைட் ரத்தத்துல ஆக்சிஜன் ஏறவிடாம பண்ணிரும், அதனால சும்மா விடவும் கூடாது. தூத்துக்குடி கல்லுப்பு, அயோடின் சேக்காதது, ஒரு லிட்டருக்கு 1 கிராம். ஒரு கன அடிக்கு 28 லிட்டர், உங்க தொட்டி ரெண்டு கன அடி, 56. கல்லும் மேல விட்ட இடமும் போக 45ன்னு வைங்க. 45 கிராம் உப்பை ஒரு போணித் தண்ணியில கரைச்சு, ஒரு நாள்ல மூணு தடவையா ஊத்துங்க. உப்புல உள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுள் வழியா உள்ள போகவிடாது. மாத்துற தண்ணிக்கு மட்டும் அதே கணக்குல திரும்பச் சேருங்க. உப்பு தண்ணியைத் தெளிய வைக்காது, அதுக்காகக் கூட்டிப் போட்டுராதீங்க.

வண்ணார்பேட்டை:

அண்ணாச்சி, நான் தப்பாச் சொல்லிட்டேன் போல. ஆனா ஒரு சந்தேகம், நான் முழுசா மாத்தியும் என் மீனு எப்படி நல்லா இருக்கு?

அம்பை ஆத்தங்கரை:

ஃபில்டரை எதுல கழுவுதீங்க?

வண்ணார்பேட்டை:

தொட்டியில இருந்து இறைச்ச தண்ணியிலயே பிழிஞ்சு போடுவேன். கல்லை எடுக்க மாட்டேன், கஷ்டம்னு விட்டுருவேன்.

அம்பை ஆத்தங்கரை:

அதான் தம்பி. தண்ணி போனாலும் குடியிருந்ததுக கல்லுலயும் ஸ்பாஞ்சுலயும் அப்படியே இருந்திருக்கு. ஆனாலும் ஒரேயடியா முழுத் தண்ணியும் மாத்துறது மீனுக்கு அதிர்ச்சி, இனிமே வாரத்துக்கு நாலுல ஒரு பங்கு போதும்.

பெருமாள்புரம் அப்பா:

இன்னைக்கு முப்பத்தாறாவது நாள். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20. ஒரு வாரமா இதே கணக்குதான். தண்ணி அப்படியே தெளிஞ்சிட்டு, மூணு மீனும் அடியில கல்லைக் கிளறிக்கிட்டுத் திரியுது. ரெண்டு வேளைதான் தீனி, ஒரு நிமிஷத்துல தின்னு முடிக்குற அளவு. மகள் பருக்கையை எண்ணிப் போடுதா.

செத்துப் போனதுக்குப் பதிலா இன்னொரு கருப்பு வால் வாங்கிக் கேக்கா. விடலாமா அண்ணாச்சி?

அம்பை ஆத்தங்கரை:

இந்தத் தொட்டியில வேண்டாம் தம்பி. மூணே அதுக்கு அதிகம். கோல்டு பிஷ் ஒரு சாண் வளரும், நல்லா பாத்துக்கிட்டா பத்து வருஷத்துக்கு மேலயும் இருக்கும். முதல் மீனுக்கு 70 லிட்டர், அடுத்து ஒவ்வொண்ணுக்கும் 40ன்னு நான் கணக்கு வச்சிருக்கேன். மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்னா 190 லிட்டர் பிடிக்கும், நாலு மீனுக்குச் சரியா இருக்கும். அடுத்த பிறந்தநாளுக்கு அதை வாங்குங்க. இந்த ஸ்பாஞ்சையும் கல்லையும் கழுவாம அப்படியே அதுக்கு மாத்துங்க. நாலாவது மீனை ஒரு மாசம் கழிச்சு விடுங்க.

பெருமாள்புரம் அப்பா:

சரி அண்ணாச்சி. காலண்டர்ல மகளே குறிச்சு வச்சுட்டா. மேலப்பாளையம் அக்கா, நீங்க குடுத்த ஸ்பாஞ்சுக்குப் பதிலா இங்க ஓடுற எங்க ஸ்பாஞ்சை, அது பழுப்பானதும் கொண்டுவந்து தர்றோம்.