சித்திரை விடுமுறையில் காலி: வெயிலும் மழையும் மாறி வந்த அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

புத்தாண்டுக்குப் பிந்திய வாரத்தில் பிள்ளைகளோடு காலிக்குப் போய்ச் சில நாட்கள் தங்கி வந்தோம். புறப்படுமுன் அயலவர்கள் அனைவரும் சொன்னது ஒன்றுதான்: மழை பிடித்துவிடும், போகவேண்டாம். மழை பிடிக்கத்தான் செய்தது; ஆனால் நாள் முழுவதும் அல்ல. மார்ச், ஏப்ரல் மாதங்கள் இரண்டு பருவப்பெயர்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலமாகையால், காலையில் வானம் தெளிந்திருக்கும். பின்னர் தரை சூடேறி, கடற்காற்று உட்புறமாக வீசி, நண்பகலுக்கு மேல் மலைப்பக்கத்தில் முகில் திரண்டு, பொழுது சாய இடியோடு கொட்டும். பாடசாலையில் மேற்காவுகை மழை என்று படித்தோமே, அதுதான் இது. ஆகவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் மழை என்ற சொல்லைக் கண்டவுடன் பயணத்தைக் கைவிடாமல், அது எத்தனை மணிக்குப் பின்னர் என்பதையும், கொழும்பிலிருந்து காலி ஊடாகச் செல்லும் கடற்பரப்பைப் பற்றித் தனியாக என்ன சொல்கிறார்கள் என்பதையும் பார்த்து முடிவெடுப்பதே சரி என்பது என் எண்ணம்.

கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் ஏறி வலப்புற யன்னலோரம் பிடித்துவிட்டால், கொள்ளுப்பிட்டியிலிருந்தே கடலைப் பார்த்துக்கொண்டு போகலாம். காலை வேளையை உனவட்டுனவில் குளிப்பதற்கும், பிற்பகலைக் காலிக் கோட்டைக்குள் ஒதுங்க இடமுள்ள தெருக்களில் நடப்பதற்கும் என்று ஒதுக்கிக்கொண்டோம்.

ஒரு பிற்பகல், கொடிப்பாறைப் பக்கமாக மதில்மேல் நடந்துவிட்டுத் தெருவுக்கு இறங்கியபோது, அதுவரை முகத்தில் அடித்துக்கொண்டிருந்த கடற்காற்று சட்டென்று நின்றது. சிறிய கடையொன்றின் முன்னால், கடைக்காரர் வெளியே தொங்கிய பந்துகளையும் பிளாஸ்டிக் வாளிகளையும் கொக்கியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டவர், "தங்கச்சி, புள்ளைகளக் கூட்டிக்கிட்டு உள்ள வாங்க, மழை வரப்போகுது" என்றார். "நல்லா வெயில் எறிக்குதே நானா" என்றேன். பதில் சொல்லாமல் வாங்கொன்றை இழுத்துப் போட்டார். பிள்ளைகள் உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் ஊர்ப்பக்கமிருந்து குளிர்ந்த காற்றொன்று சருகையும் தூசியையும் அள்ளிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே மழை. கொட்டும் முகிலிலிருந்து கீழிறங்கும் குளிர்காற்றுத்தான் மழையை முந்திக்கொண்டு வருகிறது என்று என் கணவர் விளக்கத் தொடங்கினார். நானாவுக்கோ, கடற்காற்று நின்றதே போதுமான அறிவித்தல்.

மழை விடும்வரை இஞ்சி போட்ட பிளேன்ரீயும் பேச்சுமாக இருந்தோம். தெருவில் நீர் வடிந்துபோன வேகத்தைக் கண்டு நான் வியந்தபோது, ஒல்லாந்தர் அமைத்த நிலத்தடி வடிகால்களைப் பற்றி நானா சொன்னார். கடல் பெருகும்போது உள்ளே நீர் ஏறி, வற்றும்போது கழிவுகளை இழுத்துச் செல்லும்படி அவற்றை அமைத்திருந்தார்களாம். கொழும்பில் ஒரு மணி நேர மழைக்கே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் நமக்கு இதைக் கேட்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

மேலே சொல்லப்பட்டது சித்திரைக்குப் பொருந்தும். தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்கிய பின்னர் பொருந்தாது. மே முதல் செப்டெம்பர் வரை காலிப்பக்கத்துக் கடல் காலையிலும் கொந்தளிக்கும். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதோடு திரும்பிவிட வேண்டும். அக்காலத்தில் கடலில் குளிக்க விரும்புவோர் திருகோணமலைக்குப் போவதே நல்லது. கொழும்பில் குடை பிடித்துக்கொண்டு இரவுப் புகையிரதத்தில் ஏறினால், விடியும்போது காய்ந்த தரையையும் அசையாத கடலையும் காணலாம்.

அங்கும் காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. நிலாவெளியில் எங்களைப் புறாமலைத் தீவுக்கு ஏற்றிச் சென்ற படகோட்டி, பிள்ளைகள் காலையுணவை முடிக்கும்வரைகூடக் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை. "கச்சான் எழும்பினா திரும்பி வாறது கஷ்டம் ஐயா, வெள்ளெனப் போயிட்டு வெள்ளென வந்திடுவம்" என்றார். கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், போகும்போது படகைத் தள்ளிவிடும் அதே காற்று, வரும்போது எதிர்த்து நிற்கும். அவர் சொன்னபடியே வெள்ளெனத் திரும்பினோம்; நண்பகலில் கடற்கரை மணலில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. மிச்சப் பொழுதுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் பார்த்து வந்தோம். அந்த வெயிலில் வெந்நீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வதற்குத் தனி மனத்திடம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தெஹிவளையிலிருந்து:

மழைக்குப் பயந்து காலிப் பயணத்தைத் தள்ளிவைத்த குடும்பம் எங்களுடையது. அந்த விடுமுறையில் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குப் போனோம். 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல், சீனக் கடற்றளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்தது. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை அளித்ததைச் சொல்கிறது. தேய்ந்த எழுத்துகளுக்கிடையே என் மகள் தமிழைத் தேடிக்கொண்டிருந்தபோது, அருகில் நின்ற காவலர் சிங்களத்தில் பேசியபடியே விரலால் இடத்தைக் காட்டினார். செங் ஹேயின் கப்பல்களும் பருவக்காற்றைப் பார்த்துத்தான் புறப்பட்டன என்று நான் சொன்னதும், அப்படியானால் நாங்களும் தை மாதம் வரை காத்திருப்போம் என்று மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தையில் காலிப்பக்கம் கடல் எப்படி இருக்கும் என்பதை, அக்காலத்தில் போய்வந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.