சத்தார் பஹ்லுல்சாதேயின் வெளிர் நிறங்கள்: பார்த்தவர்களும் வரைந்து பழகியவர்களும் சொல்வது

கோட்டோவியன்:
அஜர்பைஜானின் நிலக்காட்சி ஓவியர்களில் சத்தாருக்கு (1909–1974) இணையாக இன்னொருவரை என்னால் சொல்ல முடியாது. தலைநகர் பாகூவை ஒட்டிய அமீர்ஜான் என்ற ஊர்க்காரர். மாஸ்கோவில் ஃபவோர்ஸ்கி என்ற ஓவியரிடம் கிராபிக்ஸ் (கோட்டோவியம், அச்சோவியம்) படிக்கத் தொடங்கி, பிறகு வண்ண ஓவியத்துக்கு மாறினார். அவரைப் புரிந்துகொள்ள 'கேபெஸின் கண்ணீர்' (1965) என்ற ஓவியம் ஒன்றே போதும். 1139 நிலநடுக்கத்தில் கேபெஸ் மலை சரிந்து ஆற்றை மறித்ததால் உண்டானது கோய்கோல் ஏரி. தலைப்பில் வரும் கண்ணீர் அந்தத் தண்ணீர்தான். முதலில் நான்கைந்து அடி தள்ளி நின்று பாருங்கள், பிறகு கிட்டே போங்கள். தொலைவில் ஒரே நீலமாகத் தெரிந்தது, கிட்டத்தில் தனித்தனித் தூரிகைத் தீற்றல்களாகப் பிரியும்.

எண்ணெய்வண்ணம்:
அந்தத் தீற்றல்தான் விஷயமே. அவரைப் பார்த்து வரைபவர்கள் எல்லா நிறத்திலும் வெள்ளையைக் கொட்டுவார்கள். படம் சுண்ணாம்பு அடித்த சுவர் போலாகிவிடும். சத்தாரின் பிற்காலப் படங்கள் பலவற்றில் வெளிச்சம் வருவது வெள்ளையால் அல்ல, ஏறக்குறைய ஒரே வெளிர்மை கொண்ட குளிர் நிறமும் (நீலம் போல) சூட்டு நிறமும் (இளஞ்சிவப்பு போல) பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால்.

பழக ஒரு வழி: டைட்டானியம் வெள்ளையை மூன்று குவியலாகப் பிரித்து, ஒன்றில் கோபால்ட் நீலம், ஒன்றில் ஊதா, ஒன்றில் இளஞ்சிவப்பு, துளித்துளியாகச் சேருங்கள். கைபேசியில் கருப்பு வெள்ளையில் படமெடுத்தால் மூன்றும் ஒரே சாம்பலாகத் தெரிய வேண்டும். ஒன்று தூக்கலாக இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். 4 அல்லது 6 எண் தூரிகையால் குட்டைத் தீற்றல். ஒரு நிறத்திலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் தூரிகையைத் துணியில் துடைக்காவிட்டால் ஊதா சேறாகிவிடும். அடிப்பூச்சு டர்பென்டைன் கலந்து மெல்லியதாக இருக்கட்டும். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே மேல்பூச்சு, அதில் எண்ணெய் கூடுதலாக. மாற்றிச் செய்தால் நாளடைவில் பூச்சில் வெடிப்பு விழும். அடியில் துத்தநாக வெள்ளை வேண்டாம், அது காய்ந்தால் நொறுங்கும் தன்மை கொண்டது.

பாகூவாசி:
புகைப்படத்தை வைத்து நிறம் கலக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிர் ஓவியத்தைக் கேமரா அதிக வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு இருட்டாக்கிவிடும்; இளஞ்சிவப்பும் ஊதாவும் சாம்பலாகிப் போகும். எக்ஸ்போஷரை (கேமராவின் வெளிச்ச அளவை) +0.7 ஏற்றுங்கள். எண்ணெய்ப் பளபளப்பு விழாதபடி சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுங்கள், ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். அச்சுப் பிரதிகளிலும் முதலில் அடிபடுவது அந்த ஊதாதான். ஆகவே நிறத்துக்கு நேரில் பார்த்து எழுதிவைத்த குறிப்பையே நம்புங்கள்.