தாடை ஆபரேஷன்: முகத்துக்கா, கடிக்கவா?

கண்டனூரான்:
கீழ்த்தாடை முன்தள்ளிய பிள்ளைக்கு 21 வயதானதும், "தை மாசம் வரன் பார்க்கணும், அதுக்குள்ள முடிச்சிருவோம்" என்று காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கூட்டிப் போகிறார்கள். வரனுக்காக, முகத்துக்காகச் செய்வது தப்பு என்பது என் கட்சி. நாள் கணக்கே உதைக்கிறது. முதலில் கிளிப் போட்டுப் பல்லை வரிசைப்படுத்தவே பெரும்பாலும் ஒரு வருடம், ஒன்றரை வருடம். அந்தக் கட்டத்தில் கடி இன்னும் மோசமாகத் தெரியும். உள்பக்கம் சாய்ந்து தாடையின் குறையை மறைத்துக்கொண்டிருந்த கீழ்ப்பற்களை நிமிர்த்துகிறார்கள் அல்லவா? பெண் பார்க்க வரும் நேரம் அதுவாக இருந்தால்?

பல்லாங்குழி:
நாள் கணக்கு சரி அண்ணே. ஆனா முகத்துக்காகச் செய்யவே கூடாதுங்கிறது நியாயமில்லை. நிறையப் பேருக்கு ரெண்டு காரணமும் கலந்துதான் இருக்கும். டாக்டர்கிட்ட "கடிக்க முடியலை"ன்னு மட்டும் சொல்லுவாங்க, அதைச் சொல்ல கூச்சமில்லை. முன்பல் சேராதவங்க கைமுறுக்கைக் கடைவாய்க்குக் கொண்டுபோய்த்தான் ஒடிக்கணும். இடியாப்பம் அறுபடாம நூலா இழுபடும். பந்தியில பக்கத்து இலைக்காரர் அதைப் பார்க்கிறார்னா, அந்த வேதனை வாய்க்கா முகத்துக்கா?

கண்டனூரான்:
பிரிக்கச் சொல்லவில்லை தம்பி. யார் ஆசை என்று கேட்கச் சொல்கிறேன். தானே விரும்பி வந்தவர் கஷ்டத்தைத் தாங்குவார். பெற்றவர் தள்ளிவிட்டு வந்தவர் முதல் வாரமே நொந்துபோவார். கீழ்த்தாடையை இரு பக்கமும் பிளந்து நகர்த்தும் முறையை ஓப்வெகேசர் என்ற அறுவை மருத்துவர் 1957-இல் எழுதினார். இன்றும் அடிப்படை அதுதான். அந்த எலும்புக்குள்ளேயே கீழுதட்டு உணர்வு நரம்பு ஓடுகிறது. அது இழுபட்டால் உதடும் மோவாயும் மரத்துப்போகும். உதடு அசையும், உணர்வுதான் இருக்காது. ரசம் மோவாயில் வழிவது தெரியாது. பலருக்கு மாதக்கணக்கில் திரும்பும், சிலருக்கு ஒரு பகுதி திரும்பவே திரும்பாது. இதை வரன் பார்க்கும் அவசரத்தில் யார் சொல்கிறார்கள்?

செக்காலை ஆச்சி:
ரெண்டு பேரும் ஆபரேஷனுக்கு அடுத்த வாரத்தை விட்டுட்டீங்க. வீக்கம் ரெண்டாம் மூணாம் நாள் உச்சத்துக்குப் போகும். அப்பதான் கண்ணாடியைப் பார்த்து "ஏன் செஞ்சேன்"னு அழுகை வரும். ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலும் வடிஞ்சிரும், மிச்சம் வடிய மாசக்கணக்காகும். அழுகைக்குப் பாதிக் காரணம் பட்டினி. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் இழுத்துப் பிடிக்க ரப்பர் வளையம் மாட்டியிருக்கும், முதல்ல நீராகாரம்தான். கவுனி அரிசிக் கஞ்சி கொடுத்தா நல்லா அரைச்சு வடிகட்டணும். தவிடு தையல்ல ஒட்டிக்கும். பாதாம் பால், பருப்புத் தண்ணி, ரெண்டு மணிக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமா. ஒவ்வொரு தடவையும் கொப்பளிக்கணும். எலும்பு ஒட்ட ஆறு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் டாக்டர் சொல்லாம சீடை, முறுக்குப் பக்கம் போகவே கூடாது. டைட்டானியத் தகடு பிடிச்சிருக்குங்கிறதுக்காக மெல்லலாம்னு அர்த்தமில்லை.

பல்லாங்குழி:
ஆச்சி சொல்றது சரி. பிறகு அதிருப்தியா இருக்கிறவங்களைக் கேட்டா, பல்லு சரியா உட்காரலைங்கிறதைவிட "இதை முன்னாடியே சொல்லலையே"ங்கிறதுதான் அதிகம் வரும். மேல்தாடையை முன்னால நகர்த்தினா மூக்கடி அகலும். அதை இழுத்துப் பிடிக்கத் தையல் போடுவாங்க, முழுசா அடங்காது. கீழ்த்தாடையை ரொம்பப் பின்னுக்குத் தள்ளினா தொண்டைக்காற்று வழி குறுகலாம், அதனாலதான் பலருக்கு ரெண்டு தாடையையும் நகர்த்துறாங்க. கம்ப்யூட்டர்ல காட்டுற முகத்தைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது.

கண்டனூரான்:
அப்படியானால் தைக்குள் முடியாது என்று ஒப்புக்கொள்கிறாய்.

பல்லாங்குழி:
தைக்குள்ள முடியாது. முகத்துக்காகச் செய்யலாம்ங்கிறதுல மாறலை. வயசையும் சேர்த்துக்குங்க: கீழ்த்தாடை வளர்ந்துகிட்டே இருக்கிற பையனுக்கு முந்திச் செஞ்சா மறுபடி முன்னால வந்துரும். குறைஞ்சது ஆறு மாச இடைவெளி விட்டு எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒண்ணோடொண்ணு வெச்சுப் பார்த்து வளர்ச்சி நின்னுச்சான்னு கேளுங்க.